கரண்டு போனாலும் அடிக்கிற போன்

அக்டோபர் 6, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். தந்தி ஆபீஸ் இருந்த காலத்திலேயே சொன்னேன். "ஒரு நாள் இந்த டெலிபோன் கம்பியெல்லாம் கோழிக்கூண்டு கட்டத்தான் ஆகும், பேச்செல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் போகும்" என்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்று நான் சொன்னபோது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று பெயர் சொல்லவும் முடியும். பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இன்று எங்கள் பல்கலைக்கழகத்தில் சுற்றறிக்கை வந்துவிட்டது. வளாகம் முழுக்க இன்டர்நெட் போன். நவம்பர் 24-ஆம் தேதியோடு பழைய இணைப்புகளைத் துண்டித்துவிடுவார்கள். இந்தச் சுற்றறிக்கையை ஒவ்வொரு துறைக்கும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியது நான்தான். ஆகவே திட்டத்தைத் தொடங்கிவைத்தவன் என்று என்னைச் சொன்னால் தப்பில்லை.

பின்னால் இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். என் பெயர் ஆவுடையப்பன். பதிவாளர் அலுவலகத்தில் உதவியாளர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் விடை கொடுத்தேன். ஆனால் பதிவாளர் டாக்டர் கோமதிநாயகம் ஐயா எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும், அதற்கு முன்பு அது என் கையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். எங்கள் வளாகம் மலையடிவாரத்தில் இருக்கிறது. செல்போன் சிக்னல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும் கிடைக்கும். மற்ற இடத்தில் மேஜைப் போன்தான் கதி. பெண்கள் விடுதி காட்டு ஓரத்தில், கடைசியில் இருக்கிறது. அங்கே சுத்தமாகச் சிக்னல் கிடையாது.

இந்த வேலையைச் செய்யப்போவது யார் தெரியுமா? என் அக்காள் மகள் உலகம்மை. கம்ப்யூட்டர் சென்டரில் தற்காலிக என்ஜினியர். "நல்லபடியா முடிச்சுக் குடும்மா, வேலைய நிரந்தரமாக்கிருவோம்" என்று பதிவாளர் தன் வாயாலேயே சொன்னார். நான் காபியோடு பக்கத்தில் நின்றேன்.

பேச்சு எப்படிப் போகும் என்று கேட்டேன். "பேச்சத் துண்டு துண்டா வெட்டி, பொட்டலம் கட்டி அனுப்பும் மாமா. அந்தப் பக்கம் பிரிச்சு, வரிசையா அடுக்கிக்கிடும்" என்றாள். இதையே கொஞ்சம் மெருகு போட்டு எல்லாத் துறைக்கும் விளக்கினேன். பேச்சை இடித்து மாவாக்கி, சலித்து, அந்தப் பக்கம் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, இடியாப்பம் போலப் பிழிகிறார்கள் என்றேன். வேதியியல் துறைத் தலைவர் அசந்துபோய்விட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

ரேஷனில் துவரம்பருப்பு வந்திருக்கிறது. என் வீட்டுக்காரி செண்பகம் காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பதிவாளர் அறையில் புதுப் போன் வைத்தாயிற்று. கறுப்பு நிறம், சின்னத் திரை. அதன் பின்பக்கம் இரண்டு துளை இருக்கிறது. ஒன்றில் சுவரிலிருந்து வருகிற வயரைச் சொருகினார்கள். இன்னொன்று கம்ப்யூட்டருக்குப் போவதற்காம். ஐயா மேஜையில் கம்ப்யூட்டர் இல்லாததால் அதைச் சும்மா விட்டுவிட்டார்கள். சுவரிலும் பக்கத்திலேயே இன்னொரு துளை சும்மா இருக்கிறது. இரண்டு துளை இருக்கும்போது ஒன்றை மட்டும் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொட்டிக்கு இரண்டு குழாய் வைத்தால் சீக்கிரம் நிறையும். இது யாருக்கும் தெரிந்ததுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று துணைவேந்தர் கையால் தொடக்க விழா. அவர் மேடையில் இருந்தபடி போனை எடுத்து, எல்லாத் துறைத் தலைவர்களோடும் ஒரே நேரத்தில் பேசுவதாக ஏற்பாடு. உலகம்மை கருநீலச் சேலை கட்டி வந்திருந்தாள். நேற்று அவளே பத்து தடவை சோதித்துப் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருந்தது.

நான் காலையில் பதிவாளர் அறையைப் பெருக்கி, மேஜையைத் துடைத்து, ஐயாவுக்குக் குரல் நன்றாகக் கேட்க வேண்டுமே என்று போனையும் கவனித்துவிட்டு, மண்டபத்துக்குப் போனேன்.

துணைவேந்தர் எடுத்தார். "ஹலோ" என்றார். மறுபடி "ஹலோ" என்றார். மூன்றாவது ஹலோவுக்குக் கூட்டத்தில் எவனோ கனைத்தான். போன் மட்டுமில்லை, வளாகம் முழுக்க இன்டர்நெட்டே செத்துப்போயிற்று. நூலகம், தேர்வுப் பிரிவு எல்லாம். உலகம்மை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கட்டடமாக ஓடினாள். மேஜைக்கு அடியில் தவழ்ந்தாள். கடைசியில் பதிவாளர் அறைக்கு வந்து, அவர் மேஜைக்கு அடியில் குனிந்து, அப்படியே கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

ஐயாவின் போனிலிருந்து இரண்டு வயர்களும் சுவருக்கே போயிருந்தன. ஒரு வயர் வழியாகப் போனது இன்னொரு வயர் வழியாகத் திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, சுற்றிச் சுற்றி எல்லாப் பாதையையும் அடைத்துவிட்டதாம். யாரோ ஒரு அறிவுகெட்டவன் செய்த வேலை. எலியாகக்கூட இருக்கலாம்.

"ஒங்க ஆளுங்கதானம்மா மாட்டுனாங்க?" என்று பதிவாளர் கத்தினார். "துணைவேந்தர் மொகத்துல எப்படிம்மா நான் முழிப்பேன்?"

"எங்க தப்புதான் சார்" என்றாள். ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். வயரைப் பிடுங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் துணைவேந்தர் போய்விட்டார்.

அக்டோபர் 15, புதன்

எழுத ஒன்றுமில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வாயுவாக இருக்கும்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அக்காளும் உலகம்மையும் வந்திருந்தார்கள். செண்பகத்தின் அதிரசம் இந்த வருடம் வட்டமாகவே வந்துவிட்டது. என் யோசனைப்படி பாகு வைத்ததுதான் காரணம்.

உலகம்மை முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தாள்.

"என்னட்டி யோசனை?" என்றேன்.

"மாமா, பழைய போனு கரண்டு போனாலும் அடிக்கும். எக்ஸ்சேஞ்சுல இருந்து அதே கம்பியில அதுக்குக் கரண்டு வரும். புதுப் போனு அப்படியில்ல. அந்தந்தக் கட்டடத்துல ஒரு பெட்டி இருக்கு பாத்தீங்களா, அதுக்குக் கரண்டு இல்லன்னா போனும் செத்துரும்."

"பேட்டரி போட வேண்டியதுதான?"

"போட்டாச்சு. துணைவேந்தர் பங்களாவுக்குப் போட்டாச்சு, கெஸ்ட் ஹவுசுக்குப் போட்டாச்சு. ஹெல்த் சென்டர்ல ஜெனரேட்டர் இருக்கு. லேடீஸ் ஹாஸ்டலு ரெண்டாம் கட்டமாம்."

"ரெண்டாம் கட்டம் எப்போ?"

"அது யாருக்குத் தெரியும். மழைல அங்கதான் மொதல்ல கரண்டு போவுது. மரம் பூராம் லைன் மேல கெடக்கு."

பிறகு, செண்பகம் அடுப்படிக்குப் போனதும், மெதுவாகக் கேட்டாள். "மாமா, அன்னைக்கு அந்த ரெண்டாவது வயர யாரு சொருகியிருப்பா?"

"காலம் கெட்டுக் கெடக்கு தாயி" என்றேன்.

அதற்கு மேல் கேட்கவில்லை. முறுக்கைத் தின்ன ஆரம்பித்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். காபித் தட்டோடு நான் உள்ளேயே நின்றேன். காபி ஆறும்வரை நின்றேன்.

பதிவாளர் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். வேலை முழுவதும் முடிந்தது, எல்லாக் கட்டடத்திலும் போன் சரியாக இயங்குகிறது என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஹாஸ்டலுக்குப் பேட்டரி வந்ததும் போடுறேன் சார்."

"அது ரெண்டாம் கட்டம்னு சொன்னேன்ல."

"அப்ப ஹாஸ்டல் பழைய லைன மட்டும் கட் பண்ணாம வைங்க சார். நான் இப்பவே போடுறேன்."

"கட் பண்றது என் கையில இல்ல. எல்லாத்துக்கும் சேத்து எழுதிக் குடுத்தாச்சு." குரல் ஏறியது. "நீ தொடக்க விழா அன்னைக்குப் பண்ணுன கூத்துக்கு அப்புறமும் உன்ன வச்சிருக்கேன். அத மறந்துராத. அடுத்த மாசம் பதினாலாம் தேதி வேலை நிரந்தரம் பண்ற கமிட்டி கூடுது. அதுக்குள்ள இதுல கையெழுத்து இருந்தா உன் ஃபைல் உள்ள போகும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கிடுவோம்."

"சரியா இயங்குதுன்னு எழுதியிருக்கு சார். கரண்டு போனா இயங்காது. இயங்காதத இயங்குதுன்னு நான் எப்படி சார் போடுவேன்?"

கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டாள். ஐயா காபியைக் குடித்துவிட்டு, "ஏன்யா ஆறிப்போச்சு" என்று என் மேல் பாய்ந்தார்.

அக்டோபர் 25, சனி

நேராகக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ச் சொன்னேன். "போட்டுத் தொலைட்டி. ஒரு கையெழுத்து. உலகம் அழிஞ்சா போவுது?"

அவள் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போனாள். எஸ்தர் மேடம்தான் அங்கே வார்டன். மெலிந்த உருவம், சத்தம் மட்டும் பெரிது. அவர் மேஜையில் பழைய போனும் புதுப் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

உலகம்மை மெயின் சுவிட்சை இறக்கினாள். "ரெண்டையும் காதுல வச்சுப் பாருங்க மாமா."

பழையது 'ங்ங்ங்' என்று எப்போதும்போல் இரைந்தது. புதியதைக் காதில் வைத்தேன். கதவைச் சாத்திய அறை மாதிரி இருந்தது.

"போன மழைக்கு ஒரு புள்ளைக்கு வலிப்பு வந்துது அண்ணாச்சி" என்றார் எஸ்தர் மேடம். "கரண்டு இல்ல. இந்தப் பழைய போனுலதான் ஹெல்த் சென்டருக்குச் சொன்னேன். இத எடுத்துட்டாங்கன்னா நான் கூரை மேல ஏறி நின்னு கத்தவா? மரத்துல இருக்க கொரங்குதான் வரும்."

திரும்பி வரும்போது நான் ஸ்கூட்டரில் பேசவில்லை. என்னால் பேசாமல் இருக்க முடியும் என்று செண்பகம் நம்ப மாட்டாள், ஆனால் பேசவில்லை. இறங்கியதும் சொன்னேன். "நீ கையெழுத்துப் போடாத. பேட்டரி வரும். நான் சொல்லுதேன்."

"எப்படி மாமா?"

"எப்படின்னு கேக்காத. மாமன் சொன்னா நடக்கும்."

அவள் சிரித்தாள். தொடக்க விழாவுக்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறாள்.

அக்டோபர் 29, புதன்

பதிவாளரிடம் நியாயத்தை எடுத்துச் சொன்னேன். சபை நடுங்கப் பேசினேன். "ஐயா, ஹாஸ்டல்ல..." என்று ஆரம்பித்ததும் அவர், "ஆவுடையப்பன், அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டு" என்றார். கூட்டினேன். அத்தோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

நவம்பர் 1, சனி

இடுப்புப் பிடித்துக்கொண்டது. காரணம் எழுதுவதற்கில்லை. கெஸ்ட் ஹவுஸ் பேட்டரி அதே இடத்தில்தான் இருக்கிறது என்று மட்டும் குறித்துவைக்கிறேன். அதன் கனம் ஒரு கன்றுக்குட்டிக்குச் சமம். சைக்கிள் கேரியரில் நிற்காது. செண்பகம் நொச்சியிலை ஒத்தடம் கொடுத்தாள். "என்ன தூக்குனீங்க?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள்.

நவம்பர் 3, திங்கள்

இன்று ஒரு பெரிய உண்மை தெரியவந்தது.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சிக்னலுக்காகப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண் செல்போனில் பேசிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட, அடக்கமான பெண். "தாத்தா, நான் இங்க நல்லா இருக்கேன். கோட்டைல வேலை ரொம்பவா? அமைச்சர் கூட்டத்துக்கு மாத்திரை போட்டுட்டுப் போங்க" என்றது. எனக்குக் காது கூர்மை. பேச்சுக் கொடுத்தேன். முதலில் மறைத்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து நம்பிக்கை வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சென்னையில் கோட்டையில் மிகப் பெரிய பதவியில் இருக்கிற ஒருவரின் பேத்தி. சாதாரணப் பிள்ளைகளோடு சாதாரணமாக வளர வேண்டும் என்று தாத்தா உத்தரவு. விலாசத்தைக்கூட மாற்றித்தான் சேர்த்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டது.

நான் சத்தியத்தை மீறுகிறவன் இல்லை. காபி கொடுக்கும்போது முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

"என்னய்யா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் பதிவாளர்.

"ஒண்ணுமில்லங்கய்யா. சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னது?"

"அதத்தாங்கய்யா சொல்லக்கூடாதுன்னு..."

கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். அவர் பதிவாளர். பெரியவர் கேட்டால் மறைப்பது மரியாதை இல்லை. சொன்னேன்.

"கோட்டைலயா? எந்த டிபார்ட்மெண்ட்டு?"

"அது மட்டும் கேக்காதீங்கய்யா."

"பொண்ணு பேரு?"

"ஐயா, நான் புள்ளகுட்டிக்காரன்."

காபி டம்ளர் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. நான் மெதுவாகச் சொன்னேன். "தெனம் சாயங்காலம் தாத்தாவுக்கு ஹாஸ்டல் போன்ல இருந்து பேசிரணுமாம் ஐயா. ஒரு நா பேச்சு வரலேன்னா, மறுநாள் காலைல தாத்தா கார எடுத்துட்டு நேரா இங்க வந்துருவாராம். அதான் எனக்கு ஒரே யோசனை. இருவத்துநாலாம் தேதிக்கு அப்புறம், மழைல கரண்டு போச்சுன்னா..."

டம்ளரைக் கீழே வைத்தார். காபி ஆறிப்போயிற்று. இந்த முறை என் மேல் பாயவில்லை.

நவம்பர் 5, புதன்

எஸ்தர் மேடம் கேன்டீனில் என்னை மடக்கினார். "அண்ணாச்சி, பதிவாளர் நாலு தடவ போன் பண்ணிட்டாரு. 'புள்ளைங்களப் பத்திரமாப் பாத்துக்கோங்க, பத்திரமாப் பாத்துக்கோங்க'ன்னு. எந்தப் புள்ளன்னு சொல்ல மாட்டேங்காரு. ஒங்களுக்குத் தெரியுமாமே? ஒரு அடையாளமாவது சொல்லுங்க."

"கண்ணாடி போட்டிருக்கும்" என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

விடுதியில் கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் குளிக்க வெந்நீராம். மற்ற பிள்ளைகள் சண்டை போட்டிருக்கிறார்கள். நியாயம்தானே. "அந்தப் பொண்ணு சில நாள் கண்ணாடி போடாது மேடம்" என்று சொல்லி அனுப்பினேன்.

மாலையில் கேள்விப்பட்டது: எல்லாருக்கும் வெந்நீர்.

நவம்பர் 8, சனி

சாம்பாரில் காய் தென்படுகிறதாம். மாடியில் போன ஆடியிலிருந்து சுற்றாமல் இருந்த மின்விசிறிகள் சுற்றுகின்றன. எலெக்ட்ரீசியன் என்னைப் பார்த்து, "யாருவே அந்த மகராசி? அவ பேரச் சொல்லி என்னையச் சாவடிக்காங்க" என்று அழாத குறை.

இதைவிட முக்கியம்: விடுதி பேட்டரி இரண்டாம் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கோப்பை நானே கையில் எடுத்துக்கொண்டு பிரிவு பிரிவாக ஓடினேன். இடுப்பு வலி இருந்த இடம் தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

பேட்டரி வந்தது. உலகம்மை மெயின் சுவிட்சை இறக்கினாள். புதுப் போன் திரையில் வெளிச்சம் அப்படியே இருந்தது. எஸ்தர் மேடம் எடுத்து, எங்கள் அலுவலகத்துக்கு அடித்து, "ஹலோ, யாரு?" என்றார். அலுவலகத்தில் போனை எடுக்கிறவன் நான் என்பதால், எதிரிலேயே நின்றபடி பழக்கத்தில், "நான்தான்" என்றேன்.

உலகம்மை அங்கேயே, விடுதி மேஜையில் வைத்து, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, ஒவ்வொரு ரூமுக்கும் போன் நம்பர் குடுத்தது நான்தான். பேரு, ஊரெல்லாம் எழுதித்தான் குடுத்தேன், எல்லாப் புள்ளைங்க ஊரும் எனக்குத் தெரியும். கடையநல்லூர், ஆலங்குளம், செங்கோட்டை, அம்பை. மெட்ராஸ்காரப் புள்ள ஒண்ணுகூட இல்லையே?"

"அதான் விலாசத்த மாத்திச் சேத்திருக்காங்கன்னு சொல்லுதேன்ல."

"ம்."

"என்ன ம்?"

"ஒண்ணுமில்ல மாமா. தங்கமான பொண்ணு போல" என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

கமிட்டி கூடியது. உலகம்மை கோப்பு உள்ளே போனது. "மழை முடியட்டும், போன் எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்று பதிவாளரே தள்ளிவைத்துவிட்டார். தொடக்க விழாவை மனிதர் இன்னும் மறக்கவில்லை. எனக்கு இரவுச் சாப்பாடு மறுபடி இறங்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

பழைய இணைப்புகளைத் துண்டித்தார்கள். எங்கள் அலுவலகப் பழைய போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. துடைத்து அலமாரியில் வைத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

தலையைத் துவட்டிக்கொண்டே எழுதுகிறேன். மழையில் நன்றாக நனைந்துவிட்டேன்.

மதியத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது. மலையில் மேகம் இறங்கி, நாலரை மணிக்கே விளக்குப் போட வேண்டியதாயிற்று. போட்ட கொஞ்ச நேரத்தில் கரண்டு போயிற்று. வளாகம் முழுக்க. நான் மெயின் கேட் செக்யூரிட்டி அறையில் சங்கிலி என்கிற வாட்ச்மேனோடு ஒதுங்கி நின்றேன். அங்கேயும் புதுப் போன் இருக்கிறது, அதற்குப் பேட்டரியும் இருக்கிறது. கார்கள் வந்துபோகிற இடம், ஆகவே முதல் கட்டம்.

போன் அடித்தது, நான் எடுத்தேன். எஸ்தர் மேடம்.

"அண்ணாச்சி! ஒரு புள்ளைக்கு மூச்சுத் திணறுது. முப்பிடாதின்னு மொத வருசப் புள்ள. இன்ஹேலரு அடிச்சும் நிக்கல. ஒதடெல்லாம் நீலமா ஆவுது. ஹெல்த் சென்டருக்குச் சொல்லிட்டேன், ஆம்புலன்ஸ் கெளம்பிட்டு. ஆனா நூலகத்துக்கிட்ட மரம் விழுந்து ரோடு அடச்சிருக்காம். மெயின் கேட்டு வழியா வெளிய போயி, காட்டு ரோடு சுத்தி, பின்கேட்டு வழியாத்தான் வரணும். பின்கேட்டு பூட்டிக் கெடக்கு!"

பின்கேட் வருடக்கணக்காகத் திறக்கப்படவில்லை. சாவி எங்கே என்று கேட்டால் சங்கிலி வானத்தைப் பார்த்தான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம். நான் முன்னால் ஓடினேன். அவனுக்கு முப்பது வயது, எனக்கு ஐம்பத்தேழு, ஆனாலும் நான் முன்னால் ஓடினேன். ஓடை முழங்கால் வரை போனது. துருப்பிடித்த பூட்டு. நான் ஒரே அடியில் உடைத்தேன். சங்கிலியும் ஓரிரு அடி அடித்தான்.

ஆம்புலன்ஸ் உள்ளே போயிற்று. திரும்பி வரும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாயில் மாஸ்க். கூட எஸ்தர் மேடம், ஒரு காலில் மட்டும் செருப்பு. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாரு, இங்க பாரு, என்னையப் பாரு" என்று கத்திக்கொண்டே போனார். அவ்வளவு மழையிலும் அந்தச் சத்தம் கேட்டது.

செக்யூரிட்டி அறைக்குத் திரும்பியதும் உலகம்மை கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து போன் பண்ணினாள். "மாமா, பேட்டரி போட்ட போனெல்லாம் வேலை செய்யுது. நீங்க நனைஞ்சீங்களா?" என்றாள். "கொஞ்சம்" என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

பெண் பிழைத்துவிட்டது. காலையிலேயே பதிவாளர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிவரச் சொல்லி, என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். வழி முழுக்கத் தலையைச் சீவிக்கொண்டே வந்தார். இறங்கியதும் வாசலில் நின்ற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

வார்டில் அந்தப் பெண் தலையணையில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. கண்ணாடி இல்லை. பக்கத்தில் ஒரு ஆள். கைலி, சட்டையெல்லாம் தக்காளிக் கறை, தோளில் துண்டு. எங்களைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"நீங்க?" என்றார் பதிவாளர்.

"புள்ளையோட அப்பா சார். பாவூர்சத்திரம். சந்தைல லோடு ஏத்துதேன்."

பதிவாளர் குரலைத் தாழ்த்தினார். "தாத்தா வரலையா?"

"எங்கப்பாவா சார்? அவரு போயி வருசமாச்சு. அவ அம்மையப் பெத்தவரு ஆடு மேய்க்காரு. அவருக்கு யாரு சொல்ல, மேல மலைல கெடக்காரு."

பதிவாளர் பை கையில் இருக்க அப்படியே நின்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"டாக்டரு சொன்னாரு சார்" என்றார் அந்த ஆள். "கொஞ்சம் பிந்தியிருந்தா முடிஞ்சிருக்கும்னு. அந்தப் பெருமழையிலயும் ஒங்க போனு அடிச்சிருக்கு பாருங்க. நான் படிக்காதவன் சார், எப்படிச் சொல்லன்னு தெரியல..." கையைக் கூப்பினார்.

பதிவாளர் அவர் கையைப் பிடித்து இறக்கினார். பையைக் கொடுத்தார். "உக்காருங்க. மொதல்ல உக்காருங்க" என்று அந்த ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டார். அந்த ஆள் உட்கார்ந்த பிறகும் இவர் நின்றுகொண்டே இருந்தார்.

ஜீப்பில் திரும்பினோம். இலஞ்சி விலக்கு தாண்டியதும் கூப்பிட்டார்.

"ஆவுடையப்பன்."

"ஐயா."

"உலகம்மை ஃபைலத் திங்கக்கிழமை என் மேசைல வை. மேல போறதுக்கு நானே எழுதுறேன்."

"சரிங்கய்யா."

ஜீப் கொஞ்ச தூரம் போனது.

"லைப்ரரி பெட்டிக்கும் பேட்டரி கேட்டிருக்கா அவ."

"ஆமாங்கய்யா."

"லைப்ரரில யாரு பேத்தி படிக்குது?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்த்தேன். இருந்தாலும் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டேன். "விசாரிச்சுச் சொல்லுதேங்கய்யா" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் ரொம்ப நேரம் குலுங்கிக்கொண்டிருந்தன. ரோடு மோசம்.

நவம்பர் 30, ஞாயிறு

எஸ்தர் மேடம் என் வீட்டுக்கே போன் பண்ணினார். முப்பிடாதி அந்தப் பேத்தி இல்லையென்றால் வேறு யார், வெந்நீரை நிறுத்தலாமா வேண்டாமா என்று கேட்டார். நிறுத்தவே கூடாது, அந்தப் பெண்ணுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குப் பின்னால் அவள் தங்கையும் இங்கேதான் சேரப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன்.

செண்பகம் இந்த டைரியைப் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பக்கங்களில் மஞ்சள் கறை இருக்கிறது. ஆகவே அவளுக்காக ஒன்று எழுதிவைக்கிறேன். இதில் நான் எழுதியதெல்லாம் நடந்தது நடந்தபடி. பூட்டு ஒரே அடியில் உடைந்தது, வேதியியல் தலைவர் அசந்துபோனது, அதிரசத்துக்குப் பாகு, எல்லாம் சத்தியம். ஒன்றே ஒன்று மட்டும் நான் கட்டியது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அன்றைக்கு யாரும் இல்லை. கோட்டையில் எனக்கு யாரையும் தெரியாது, அப்படி ஒரு தாத்தாவும் இல்லை, அவருக்குப் பேத்தியும் இல்லை.